திங்கட்கிழமை குட் மார்னிங்

எங்கள் கம்பெனிக்கு டீ கொண்டுவருகிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார். யார் தலையைத் தூக்குகிறார்களோ அவர்களுக்கு டீ. தூக்காதவர்களுக்கு வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் எஞ்சினீயர் மேடம் தலையைத் தூக்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ நாள் அவர் டீயே குடிக்காமல் காலம் தள்ளினார். ஒருநாள் எனக்கே பொறுக்காமல், மேடத்துக்கு ஏன் கொடுப்பதில்லை என்று டீக்காரரிடம் கேட்டேன். "இன்னிக்கு அவங்க வந்துகீறாங்களா?" என்றார் அவர். மேடம் அவர் முழங்கை இடிக்கிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் உடனே மேடத்திடம் திரும்பி, டீ வேண்டுமென்று வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று கேட்டேன். "நேத்தும் வேணும். இன்னைக்கும் வேணும். மாறினா சொல்லுதேன்" என்றார்.

இதுதான் மேடம். இதற்கு மேல் நான் என்ன எழுதினாலும் இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் வரவேண்டும்.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பும் ஒரு சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எங்கள் கம்பெனி இருந்தது. தொழிற்சாலைகளுக்கு வேண்டிய அலாரம் மணி, டைமர், இன்னும் பேர் தெரியாத சில பெட்டிகள் செய்து கொடுப்போம். முதலாளி அதற்கு முன்னால் ராயபுரத்தில் ரேடியோ கடை வைத்திருந்தவர். மின்சாரப் பெட்டி என்றால் முன்பக்கம் பச்சையோ சிவப்போ ஒரு விளக்கு எரிந்தாக வேண்டும் என்பது அவருக்கு மதக் கொள்கை மாதிரி. நான் வரைபட மேஜையில் இருந்தேன்; மேடத்தை விட்டால் அங்கே இருந்த ஒரே பெண் நான்தான். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் கோடு ஓட்டினேன். மேடம்தான் சர்க்யூட் டிசைன் செய்கிறவர். எஞ்சினீயரிங் படித்த பெண் என்பது அன்றைக்கு ஒரு காட்சிப் பொருள். மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் ஆர்டர் விஷயமாக வருகிறவர்கள், போகிற போக்கில் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக ஆசைப்படுவார்கள். பார்ப்பார்கள். அங்கே எதுவும் அசையாது. கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.

அவர் குடும்பம் தெற்கிலிருந்து வந்து ராயபுரத்தில் பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம் செய்த குடும்பம். நானும் ராயபுரம்தான் என்பதால் இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். ஆனாலும் திங்கட்கிழமை மட்டும்தான் எனக்கு 'குட் மார்னிங்' கிடைக்கும். செவ்வாய்க்கிழமை நானாகச் சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை. கோபமோ என்று பயந்து விசாரித்தேன். திங்கட்கிழமை சொன்னது சனிக்கிழமை வரைக்கும் செல்லும் என்று விளக்கம் வந்தது. ஒரு மாதம் வரை செல்லும்படி சொல்லிவிட்டால் இன்னும் மிச்சமாகுமே என்று கிண்டல் செய்தேன். அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். நடுவில் ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல் இருக்கிறோமே, அதற்குள் என்ன ஆகியிருக்குமோ தெரியாது, அதனால் வாரம் ஒரு முறை அவசியம் என்று தீர்ப்புச் சொன்னார்.

டெலிபோனில் அவரோடு பேசுகிறவர்கள் பாவம். 'ம்' கொட்டமாட்டார். எதிர்முனையில் இருப்பவர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, "ஹலோ, ஹலோ" என்று கத்துவார். லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவார். மறுபடியும் முதலிலிருந்து சொல்வார். கடைசியில் எல்லாருமே, மேடத்திடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லிவிட்டுப் போகிற நிலைமை வந்தது. நான் வரைவேனா, அவருக்கு 'ம்' கொட்டுவேனா?

ஃபேன் விஷயம் இன்னும் மோசம். ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால் நிறுத்துவது நல்ல பழக்கம்தான். மேடம் ஆள் இருக்கும்போதே நிறுத்துவார். அக்கவுண்டன்ட் ஒருநாள் சண்டைக்கு வந்தார். அவர் அரை மணி நேரமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகவும், தூங்குகிறவருக்குக் காற்று வந்தது தெரியப்போவதில்லை என்று தான் நினைத்ததாகவும் மேடம் மெதுவாகச் சொன்னார். அதன்பிறகு அவர் சண்டையை வளர்க்கவில்லை.

இப்படிப்பட்ட ஒருவர் கையில்தான் அந்தப் பெட்டியின் வேலை வந்து சேர்ந்தது.

எண்ணூர் போகிற வழியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலை. அதில், பெயின்டை இளக்குகிற தின்னரைப் பீப்பாய்களில் நிரப்புகிற கொட்டகை ஒன்று தனியாக இருந்தது. அதன் ஆவி ஆளை மயக்கிவிடும்; பெரிய ஃபேன்கள் ஓடிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே மனிதன் நிற்கமுடியும். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்றால் எல்லாரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அன்றைக்குக் கரண்ட் போவது சாப்பாட்டு வேளை மாதிரி தவறாமல் நடக்கும். இருட்டில் யாராவது பீப்பாய்களுக்கு நடுவே மயங்கி விழுந்து கிடந்தால்? அதனால் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எந்த நேரமும் சொல்லும் பெட்டி ஒன்று அவர்களுக்கு வேண்டும். உள்ளே போகத் தனிக் கதவு, வெளியே வரத் தனிக் கதவு. இரண்டும் தள்ளினால் திறந்து தானாக மூடிக்கொள்ளும் கதவுகள். ஒரு கதவு கூட்டும், இன்னொன்று கழிக்கும். மிச்சம் எவ்வளவோ அத்தனை பேர் உள்ளே.

கூட்டுவதும் கழிப்பதும் பெரிய காரியம் இல்லை. கரண்ட் போன பிறகும் எண்ணை மறக்காமல் இருப்பதுதான் காரியம். எண்ணை நினைவு வைத்துக்கொள்ளும் சர்க்யூட்டுக்கு ஃபிளிப்-ஃபிளாப் என்று பெயர். இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஜோடியாக இருக்கும். ஒன்று விழித்திருந்தால் மற்றது தூங்கும். ஒரு தட்டுத் தட்டினால் தூங்கினது எழுந்துகொள்ளும், எழுந்திருந்தது படுத்துக்கொள்ளும். அடுத்த தட்டு வரும்வரை அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் ஒரே பாயில் முறைவைத்துப் படுத்த என் அண்ணன் தம்பிகள் மாதிரி. இப்படி நாலைந்து ஜோடிகளை வரிசையாக வைத்தால் ஒரு கொட்டகைக்குப் போதுமான ஆட்களை எண்ணலாம். ஆனால் விழித்திருக்கிற டிரான்சிஸ்டர் சும்மா விழித்திருப்பதற்கே மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். முதலில் வழக்கமான முறையில் செய்த பெட்டி, நீளமான ஒரு கரண்ட் கட்டில் பேட்டரியைக் காலி செய்துவிட்டு, எண்ணையும் மறந்துவிட்டு உட்கார்ந்தது.

மேடத்துக்கு அது சொந்தக்காரர் செய்த துரோகம் மாதிரி இருந்தது. "சும்மா முழிச்சிருக்கதுக்கு எதுக்குச் சோறு? எந்திரிக்கும்போது ஒரு வாய் போதாதா?" என்று என் மேஜையைப் பார்த்துக் கேட்டார். அந்த வாரம் முழுவதற்கும் அதுதான் அவருடைய பேச்சு. பிறகு ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் அதற்கு எதிர் குணமுள்ள இன்னொன்றைத் துணையாகப் போட்டார். ஒன்று வழிவிட்டால் மற்றது அடைக்கும். ஆகவே மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக ஓட வழியே இருக்காது. மாறுகிற அந்தக் கணத்தில் மட்டும் ஒரு சொட்டுப் போகும். மற்ற நேரத்தில் எண் இருக்கும், செலவு இராது. நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு ரெசிஸ்டர் சோம்பேறியாக உட்கார்ந்து தின்கிறது என்று அடித்துவிடுவார். வேகம் குறைந்துபோகுமே என்று முதலாளி கவலைப்பட்டபோது, நடந்து போகிற மனிதர்களைத்தானே எண்ணப் போகிறோம், ரயிலையா என்று கேட்டார்.

எண்ணைக் காட்டுவதற்கு ஒரு முள் வைத்த மீட்டர். அதுவும் சும்மா காட்டிக்கொண்டிருக்காது. பொத்தானை அழுத்தினால் முள் எழுந்து எண்ணைக் காட்டும், விட்டால் படுத்துக்கொள்ளும். முள் படுத்திருந்தால் பூஜ்யம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பூஜ்யத்துக்கு என்று தனியாக ஒரு கோடு போடச் சொன்னார். தூக்கம் வேறு, பூஜ்யம் வேறு.

பெட்டி தயாரானது. முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் தேடியது என்ன என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"யம்மா, ஒரே ஒரு செவப்பு லைட்டும்மா. இன்னா கொறஞ்சி பூடும்? எரிஞ்சாத்தான வேலை செய்யுதுன்னு நம்புவான்?"

உள்ளே இருக்கிற எல்லாம் சேர்ந்து தின்பதைவிட அந்த ஒரு விளக்கு பல மடங்கு தின்னும் என்றார் மேடம். விளக்கு வைத்தால் பேட்டரி சீக்கிரம் சாகும், பேட்டரி செத்தால் எண் போகும், எண் போனால் உள்ளே ஒரு ஆள் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. முதலாளி விடவில்லை. தொழிற்சாலை மேனேஜரும் விளக்குக் கட்சியில் சேர்ந்துகொண்டார். கடைசியில் மேடம் ஒரே வரி சொன்னார்: "விளக்கு வேணும்னா நான் வேண்டாம்."

யாராவது இதைச் சொன்னால் மிரட்டல் என்று நினைக்கலாம். மேடம் மிரட்டியதே இல்லை. அவர் வாயைத் திறந்தால் ஏதோ மாறிவிட்டது என்று அர்த்தம். முதலாளி பயந்துபோய், சோதனை வைத்துப் பார்ப்போம், அதுவரை விளக்கில்லாமலே இருக்கட்டும் என்று சமாதானம் பண்ணினார். சோதனையில் பெட்டி சொல்வதை எல்லாரும் நம்பி நடந்தால் பெட்டி ஜெயித்தது. நம்பாவிட்டால் விளக்கு வரும், மேடம் போவார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மேடத்துக்கு வந்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த முகத்தால் அவருக்கு ஏற்கெனவே ஒரு நஷ்டம் ஆகியிருந்தது. கொஞ்ச நாள் முன்னால் அவரைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். துணைக்கு நான் போயிருந்தேன். மாப்பிள்ளை நல்ல மாதிரி. அவரும் அதிகம் பேசவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மேடத்தைப் பார்த்து, பையனைப் பிடித்திருக்கிறதா என்று நேராகவே கேட்டார். மேடம் தரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். சிரிப்பு இல்லை, வெட்கம் இல்லை, ஒரு தலையசைப்பு இல்லை. அந்த அம்மாள் எழுந்து, பெண்ணுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று விசாரித்துவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர்கள் போனபிறகு நான் மேடத்தைப் பிடித்து உலுக்கினேன். "பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிருப்பேன்லா" என்றார். அப்படியென்றால் பிடித்திருந்ததா? பதில் இல்லை. பிடித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் வந்தவர்களுக்கு வைத்த மிக்சரை டப்பாவில் கொட்டி மூடிக்கொண்டிருந்தார்.

சோதனைக்கு வருவோம். முதலில் ஒரு வெள்ளோட்டம் வைத்தோம். அன்று எல்லாரும் வெளியே வந்தபின் பொத்தானை அழுத்தினால் முள் 'ஒன்று' என்றது. தொழிற்சாலையே கலங்கிப்போயிற்று. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பீப்பாய்களுக்குப் பின்னால் காவல்காரருடைய ஆடு நின்று லேபிள்களைத் தின்றுகொண்டிருந்தது. தள்ளினால் திறக்கிற கதவு, அது தள்ளியிருக்கிறது. பெட்டி சரியாகத்தான் எண்ணியிருக்கிறது, ஆடு என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் ஊர் சிரித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு அங்கே ஆட்டுப்பெட்டி என்றே பேர் ஆகிவிட்டது. ஆட்டைக் கட்டிவைக்கச் சொல்லிக் காவல்காரருக்கு உத்தரவு போனது. அவர் மேடத்திடம் வந்து, "அது வாயில்லா ஜீவன் மேடம், அதப் போய் உங்க மிஷினு காட்டிக் குடுத்துடுச்சே" என்று வருத்தப்பட்டார்.

பிறகு நிஜமான சோதனை நாள். ஒரு வியாழக்கிழமை, மதியம். ஆட்கள் வழக்கம்போல உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாங்களும் கதவு, ஸ்விட்ச் எல்லாம் பார்க்க உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தோம். மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் மெயினை இறக்கினார். ஃபேன்கள் முனகி நின்றன. எல்லாரும் வெளியே வந்தார்கள். மேஸ்திரி தன் ஆட்களை எண்ணினார், சரியாக இருந்தது. மேனேஜரும் முதலாளியும் வெளியே நின்றார்கள். சாப்பாட்டு நேரம் முழுக்க மெயினை ஏற்றாமலே வைத்திருந்து, பெட்டி மறக்கிறதா என்று பார்ப்பது ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று முதலாளி பொத்தானை அழுத்தினார்.

முள் எழுந்தது. பூஜ்யத்தின் கோட்டைத் தாண்டிப் போய் 'ஒன்று' என்று நின்றது.

மேஸ்திரிதான் முதலில் சிரித்தார். "திரும்பவும் ஆடு பூந்துகினு கீதுபா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆடுதானே, வயிறு நிறைந்தால் தானே வரும் என்றார்கள். ஒருவர் கொட்டகையைப் பார்த்து ஆடு மாதிரிக் கத்திக் காட்டினார். மேனேஜர் முதலாளியின் தோளில் கையைப் போட்டு, விளக்கு இருந்தால் பேட்டரி செத்துப்போனதாவது தெரிந்திருக்கும், இது எதைக் காட்டுகிறது என்று யாருக்குத் தெரியும் என்றார். முதலாளி முகம் தொங்கிப்போய்விட்டது. பெட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிற சின்னச் சாவி என்னிடம்தான் இருந்தது. போட்டுவிடச் சொன்னார். எல்லாரும் டீக்கடைப் பக்கம் நகர்ந்தார்கள்.

நான் சாவியைத் துளையில் வைத்தேன். திருப்புவதற்கு முன்னால், மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பலாம் என்று தலையைத் தூக்கினேன். அவர் வேலை போகப்போகிறதே. முகத்தில் ஒன்றும் இருக்காது என்று தெரியும், ஆனாலும் பார்க்கவேண்டும் போல இருந்தது. மேடம் கண்ணில் படவில்லை. அவர் கண்ணில் படாதது ஒன்றும் புதிதில்லை. எங்காவது சுவரோடு சுவராக நிற்பார். என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. காவல்காரரின் கூண்டுக்குப் பக்கத்தில், கம்பத்தில் கட்டின கயிற்றின் நுனியில், அந்த ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஆடு இங்கே இருக்கிறது. அப்படியானால் ஒன்று யார்?

சாவியை உருவிக்கொண்டு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. கதவைத் தள்ளினால் உள்ளே தின்னர் வாடை முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. மேடம் என்று கத்தினேன். பதில் இல்லை. பதில் சொல்கிற ஆளா அவர்? கடைசி வரிசைப் பீப்பாய்க்கு அருகில், கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டிமேல், புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். சர்ச்சில் பிரசங்கம் கேட்கிறவர் மாதிரி. கையைப் பிடித்து இழுத்தேன். கை சில்லிட்டிருந்தது. கால் பின்னிக்கொண்டது, என்மேல் சாய்ந்தபடியேதான் நடந்தார். உள்ளே வந்த கதவிலேயே வெளியே இழுக்கப் பார்த்தேன். அந்த நிலைமையிலும் நின்று, "அது கூட்டுத கதவு" என்று என்னைக் கழிக்கிற கதவுப் பக்கம் திருப்பினார். அங்கேயும் என்னை முதலில் வெளியே தள்ளி, கதவு மூடின பிறகுதான் அவர் தள்ளிக்கொண்டு வந்தார்.

டீக்கடைக்குப் போனவர்களெல்லாம் கிளாசோடு திரும்பி வந்து நின்றார்கள். மேடம் ஒரு பக்கத்துச் சுவரைப் பிடித்தபடி, முதலாளியைப் பார்த்துப் பொத்தானைக் காட்டினார். முதலாளி அழுத்தினார். முள் எழுந்து, பூஜ்யத்தின் கோட்டில் போய் நின்றது. ஆடு மாதிரிக் கத்தினவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். முதலாளி பெட்டியைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். "லைட்டு வாணாம்மா" என்றார். "பெட்டிக்கு வாணாம். உனுக்கு ஒண்ணு வெச்சிக்கோ."

மேனேஜர் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். பெட்டி விளக்கில்லாமலே அந்தச் சுவரில் ஏறியது.

சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டினேன். வேண்டுமென்றேதான் உட்கார்ந்திருந்தாரா? ஆமாம். எண் சரியாக இருந்து என்ன பிரயோஜனம், அதை நம்பி ஒருத்தர் உள்ளே வருகிறார்களா என்பதல்லவா சோதனை என்றார். அவர்கள் சிரித்தது கேட்டதா? கேட்டது. ஆடு என்றது? அதுவும் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்றேன். குரல் கொடுத்தால் சோதனை கெட்டுவிடுமே என்றார். இப்படி ஊமை மாதிரி இருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும், அந்த மாப்பிள்ளை வீட்டாரும் இப்படித்தானே எழுந்து போனார்கள் என்று, சொல்லக்கூடாததையும் சொல்லிவிட்டேன்.

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயிலுக்காகக் கேட் மூடியிருந்தது, பஸ் நின்றுவிட்டது.

"பொத்தான் இருக்குல்லா," என்றார். "அழுத்திக் கேக்கணும்."

வேகன்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு கேட்டேன்.

"உள்ள இருக்கும்போது பயமா இருந்துச்சா?"

"ஆமா." கையைப் பார்த்தேன், மடியில் இருந்த டிபன் டப்பாவை விரல் வெளுக்கப் பிடித்திருந்தார். "நீ வராம போயிருந்தா அழுதிருப்பேன்."

முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நான்தான் அழுதேன். கண்டக்டர் வந்து எனக்கு என்ன ஆயிற்று என்று அவரிடம் விசாரித்தார். அவர் வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் மேடத்தைக் காணோம். கம்பெனிக்கு வந்து நான் மேஜையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்தேன். மேடம்.

"குட் மார்னிங்" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை.